பிட்சர்களின் கைக்கு ஓய்வு நாள் வேண்டும்: என்சிஏஏ பேஸ்பால் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

என்சிஏஏ டிவிஷன் 1 பேஸ்பால் கமிட்டி உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏவின் சார்பில் ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒமாஹாவில் நீங்கள் நடத்தும் காலேஜ் வேர்ல்ட் சீரிஸ் என்ற கல்லூரி பேஸ்பால் இறுதித் தொடர் பற்றியும், அதற்கு முந்தைய இரண்டு சுற்றுகள் பற்றியும் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். கோரிக்கை சின்னது. இந்தத் தொடரில் பந்து வீசும் மாணவனுக்கு, அதாவது பிட்சருக்கு, அவன் ஒரு நாளில் எத்தனை பந்து வீசினானோ அதற்கேற்ப இத்தனை நாள் ஓய்வு என்று கட்டாய விதி வேண்டும். இன்றைக்கு அது கோச்சின் நல்ல மனதை நம்பி விடப்பட்டிருக்கிறது. அது போதாது.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் தமிழ் வீடுகளில் இன்று லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் ஆடும் பிள்ளைகள் நிறையப் பேர். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த அப்பா அம்மாக்கள் வார இறுதியில் மடக்கு நாற்காலியோடு மைதானத்துக்குப் போகிறோம். பிள்ளைக்குக் கை வலுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் பெருமைப்படுகிறோம். அந்தக் கை எந்த வழியாகப் போகிறது, வழியில் யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை இந்தப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் உங்களுக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைக் குறை சொல்லி ஒதுக்கிவிடும் ஆள் நான் இல்லை. எனக்கு இது அமெரிக்காவின் ஆகச் சிறந்த விளையாட்டு விழா. 1947இல் மிச்சிகனின் கலமசூவில் தொடங்கியபோது கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் யேலைத் தோற்கடித்தது. அந்த யேல் அணியின் முதல் பேஸில் நின்றவர் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ். 1950இல் ஒமாஹாவுக்கு வந்த தொடர் பிறகு ஊரை விட்டுப் போகவே இல்லை. 2010 வரை விலங்குக்காட்சிச் சாலைக்குப் பக்கத்தில் இருந்த ரோசன்பிளாட் ஸ்டேடியம், 2011 முதல் ஊர் நடுவில் இருபத்து நாலாயிரம் பேர் உட்காரும் புது மைதானம். லூசியானாவிலிருந்தும் ஆர்கன்சாவிலிருந்தும் மிசிசிப்பியிலிருந்தும் ஆயிரம் மைல் வண்டி ஓட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பார்க்கிங்கில் அடுப்பு மூட்டி, பக்கத்து வண்டியில் வந்த எதிரணிக்காரருக்கும் தட்டு நீட்டுகிறார்கள். 2008இல் ரீஜனல் என்ற முதல் சுற்றில் நான்காம் தரவரிசையில், அதாவது கடைசி இடத்தில் வைக்கப்பட்ட ஃபிரெஸ்னோ ஸ்டேட் கோப்பையை வென்றது. 2016இல் முதன்முதலாக ஒமாஹாவுக்கு வந்த கோஸ்டல் கரோலினா வந்த கையோடு சாம்பியன் ஆனது. 2022இல் கடைசி ஆளாக உள்ளே நுழைந்த ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழகம், வென்றது. இப்படி ஒரு தொடர் வேறு எங்கே இருக்கிறது?

இவ்வளவு பிடித்திருப்பதால்தான் பந்து வீசும் அந்த மேட்டில் நிற்கும் பையனின் முழங்கையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

விவரம் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. பிப்ரவரி நடுவில் தொடங்கும் காலேஜ் சீசனில் முக்கியமான ஆட்டங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று வரும். ஒவ்வொரு அணியிலும் ஃப்ரைடே ஸ்டார்ட்டர் என்று ஒருவன் இருப்பான். அணியின் சிறந்த பிட்சர் அவன்தான். வெள்ளிக்கிழமை நூறு பந்து வீசுவான், அடுத்த வெள்ளி வரை அவனுக்கு ஆட்டம் கிடையாது. இரண்டாம் நாள் லேசான ஓட்டம், நடுவாரத்தில் புல்பென்னில் கொஞ்சம் பயிற்சி, அப்புறம் மறுபடி வெள்ளி. மூன்று மாதத்துக்கு மேல் அவன் உடம்பு இந்த ஏழு நாள் கணக்குக்குப் பழகிவிடுகிறது.

மே கடைசியில் உங்கள் தொடர் தொடங்குகிறது. 64 அணிகள், 16 ஊர்களில் நாலு நாலு அணியாக ரீஜனல். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. வெள்ளிக்கிழமை முதல் ஆட்டத்தில் தோற்ற அணி என்ன ஆகும் என்று பாருங்கள். சனிக்கிழமை ஜெயிக்க வேண்டும். ஞாயிறு மதியம் ஜெயிக்க வேண்டும். அதே ஞாயிறு இரவு, இதுவரை தோற்காத அணியை ஜெயிக்க வேண்டும். அதையும் செய்தால் திங்கட்கிழமை அதே அணியோடு இன்னொரு ஆட்டம். நாலு நாளில் ஐந்து ஆட்டம்! ஏழு நாள் கணக்குக்குப் பழகிய கை, வெள்ளிக்கிழமை வீசிவிட்டு ஞாயிறோ திங்களோ மறுபடி மேடேறுகிறது. ஆண்டின் மிகப் பெரிய ஆட்டங்களில், மிகுந்த களைப்போடு, முழு வேகத்தில்.

இதில் கோச்சைக் கெட்டவராக்குவது சுலபம். நான் அதைச் செய்யப் போவதில்லை. தன் பிட்சருக்கு ஓய்வு கொடுத்து உட்கார வைக்கும் கோச், எதிரணி கோச்சும் அப்படியே செய்வார் என்று நம்ப முடியாது. ஒருவர் கட்டுப்பாடாக இருந்தால் இன்னொருவருக்கு லாபம். தோற்றால் சீசனே முடிந்தது. அவர் வேலையும் சில சமயம் அதோடு போகும். இப்படிப்பட்ட இடத்தில் நல்லவராக இருக்கச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கேட்பது நியாயமில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு போட வேண்டும். கோடு போடும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

2018 இறுதிப் போட்டியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆரிகன் ஸ்டேட்டும் ஆர்கன்சாவும் மோதின. இரண்டாம் ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் கோப்பையை வெல்ல ஆர்கன்சாவுக்கு ஒரே ஒரு அவுட் தேவை. மூன்று பேருக்கு நடுவில் விழுந்த ஃபவுல் பந்தை யாரும் பிடிக்கவில்லை, ஆட்டம் கைமாறியது. எல்லோரும் இன்றும் பேசுவது அந்தப் பந்தைப் பற்றித்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது கெவின் ஏபல். ஆரிகன் ஸ்டேட்டின் முதலாம் ஆண்டு மாணவன். புதன்கிழமை அந்த இரண்டாம் ஆட்டத்தில் ரிலீவராக, அதாவது நடுவில் மாற்றாக வந்து, ஒரு இன்னிங்ஸ் வீசினான். மறுநாள் வியாழக்கிழமை, கோப்பையை முடிவு செய்யும் மூன்றாம் ஆட்டத்தில் அவனே ஸ்டார்ட்டர். ஒன்பது இன்னிங்ஸும் அவனே வீசினான். 129 பந்து, இரண்டே ஹிட் (பேட்டர் பந்தை அடித்து பேஸ் சேர்வது), எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. கடைசி இருபது பேட்டர்களை வரிசையாக வெளியே அனுப்பினான். ஒரே தொடரில் நாலு வெற்றி.

அபாரமான ஆட்டம். அதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்க முடியாது. அடுத்த ஆண்டே அவனுக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது.

அந்த 129 பந்தால்தான் முழங்கை போனது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. முழங்கை ஒரு நாளில் போவதில்லை. வேகம், வீசும் விதம், சிறு வயதிலிருந்து சேர்ந்த தேய்மானம், எல்லாம் சேர்ந்துதான் போகிறது. தொழில்முறை பேஸ்பாலின் உச்சியான மேஜர் லீக்கின் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் கூட்டும் ஓட்டத்தையும் ஒவ்வொரு பந்தையும் முழு மூச்சோடு வீசும் பழக்கத்தையும்தான் முதலில் சுட்டியது. சரி, அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு பந்தும் முழு மூச்சு என்றால், அதற்குப் பிந்தைய ஓய்வுதானே இன்னும் முக்கியமாகிறது? முந்தின நாள் வீசிய கையோடு 129 முழு மூச்சுப் பந்துகள் வீச ஒரு பத்தொன்பது வயதுப் பையனை விதிகள் அனுமதித்தன என்பதுதான் என் குறை. எந்தக் கோடும் மீறப்படவில்லை, ஏனென்றால் கோடே இல்லை.

டாமி ஜான் என்றால் என்ன என்று அறியாத பெற்றோருக்கு: முழங்கையின் உட்புறத்தில் மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் ஒரு சின்ன நார் அறுந்துவிட்டால், பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்தோ தொடையிலிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டுகிறார்கள். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதலில் செய்த வீரரின் பெயரே சிகிச்சைக்கு நிலைத்துவிட்டது. திரும்ப மேட்டுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். நாலு வருஷக் காலேஜ் வாழ்க்கையில் ஒரு வருஷம் என்பது எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும்.

நம்மவர்களுக்கு நெருக்கமான இன்னொரு பெயர் குமார் ராக்கர். தாய் வழியில் இந்தியக் குடும்பம். வாண்டர்பில்ட்டின் முதலாம் ஆண்டு மாணவனாக 2019இல் ரீஜனலுக்கு அடுத்த சுற்றான சூப்பர் ரீஜனலில் டியூக் அணிக்கு எதிராக நோ-ஹிட்டர், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம், வீசினார். 19 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவது). 131 பந்து. முந்தின ஆட்டத்தில் வாண்டர்பில்ட் 18-5 என்று தோற்றிருந்தது. அன்றும் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த இரவில் அவரை யார் மேட்டிலிருந்து இறக்குவார்கள்? அந்த ஆண்டு ஒமாஹாவில் தொடரின் சிறந்த வீரரும் அவரே. அதன் பிறகு 2021இல் மேஜர் லீக் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மெட்ஸ் அணி முதல் சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. உடல் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தமே போடவில்லை. தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. 2022இல் ரேஞ்சர்ஸ் மறுபடி முதல் சுற்றில் எடுத்தது. 2023இல் டாமி ஜான். ஒருவழியாக 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் மேட்டில் ஏறினார். இங்கும் ஒரே ஓர் ஆட்டத்தைக் காரணமாகக் காட்ட நான் தயாரில்லை. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் 131 பந்து வீசிய கைக்கு அடுத்து எத்தனை நாள் ஓய்வு என்பதை யாரோ ஒருவரின் அன்றைய மனநிலை முடிவு செய்யக் கூடாது. குமாருக்கு அன்று வாய்த்த கோச் பொறுப்பானவராக இருந்தால் நல்லது. அடுத்த குமாருக்கு வாய்ப்பவர் எப்படியோ?

2003இல் ரைஸ் பல்கலைக்கழகம் கோப்பையை வென்றபோது அந்த அணியில் மூன்று பெரிய பிட்சர்கள்: ஃபிலிப் ஹம்பர், ஜெஃப் நீமன், வேட் டவுன்செண்ட். அடுத்த ஆண்டு டிராஃப்டில் மூவரும் முதல் எட்டு இடங்களுக்குள் போனார்கள். பின்னர் மூவரின் கையிலும் கத்தி பட்டது. 2009 ரீஜனலில் டெக்சாஸும் பாஸ்டன் காலேஜும் 25 இன்னிங்ஸ் ஆடின. ஏழு மணி நேரத்துக்கு மேல் நடந்த ஆட்டம். டெக்சாஸின் ரிலீவர் ஆஸ்டின் வுட் 13 இன்னிங்ஸ், 169 பந்து வீசினார். ரிலீவர் என்றால் வழக்கமாக ஒன்றோ இரண்டோ இன்னிங்ஸ் வீசுபவர்! அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. நான் அங்கே இருந்திருந்தாலும் எழுந்து நின்றிருப்பேன். அதுதான் சிக்கல். கைதட்டும் கூட்டத்தாலும் நிறுத்த முடியாது, ஜெயிக்க வேண்டிய கோச்சாலும் முடியாது, பந்தைக் கையில் வைத்திருக்கும் பையனாலும் முடியாது.

அந்தப் பையனைப் பற்றிக் கொஞ்சம். என் மகன் இங்கே ஹைஸ்கூல் அணியில் பந்து வீசுகிறான். ஹைஸ்கூல் கூட்டமைப்பு சொன்னபடி 2017 சீசன் முதல் ஒவ்வொரு மாநிலத்திலும் பந்து எண்ணிக்கைக்கு வரம்பும் ஓய்வு நாள் விதியும் இருக்கின்றன. எங்கள் மைதானத்தில் அது நடப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு அணிக்கும் ஒரு கணக்குக்காரர். பெரும்பாலும் யாரோ ஒரு பையனின் அம்மா. கையில் பஸ் கண்டக்டர் வைத்திருப்பது போல ஒரு சின்ன எண்ணும் கருவி. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கிளிக். இன்னிங்ஸ் முடிந்ததும் இருவரும் வலைக்குப் பின்னால் வந்து எண்ணை ஒப்பிடுவார்கள். "நாற்பத்தி மூணு?" "இல்லை, நாற்பத்தி நாலு. ரெண்டு ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் ஒரு ஃபவுல் போச்சே." ஸ்கோர் புத்தகத்தைப் புரட்டுவார்கள், சிரிப்பார்கள், ஒரு எண்ணில் நிற்பார்கள். அந்த எண் எழுதப்பட்ட பிறகு அதோடு யாரும் வாதாடுவதில்லை.

வரம்பு நெருங்கும்போது பையனின் முகம் மாறும். பந்து கொஞ்சம் மேலே போகத் தொடங்கும். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் கையைத் தொங்கவிட்டு உதறுவான். முழங்கை வழக்கமான உயரத்துக்கு எழாது. கோச் வெளியே வந்தால், "ஒரே ஒரு பேட்டர் கோச், நல்லாத்தான் இருக்கேன்" என்பான். எல்லாப் பிட்சரும் அதைத்தான் சொல்வான். வலிக்கிறது என்று சொல்லும் பையனை நான் இதுவரை பார்த்ததில்லை. கோச் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவார், பையன் பந்தைக் கொடுப்பான், நடந்து வருவான். அவன் கோழை என்று யாரும் நினைப்பதில்லை. கோச் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்றும் யாரும் சொல்வதில்லை. விதி ஒன்று இருப்பதால் அத்தனை பேர் தோளிலிருந்தும் அந்தச் சுமை இறங்கிவிடுகிறது. பதினேழு வயதில் அவனுக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு, பதினெட்டு வயதில் உங்கள் தொடருக்கு வந்ததும் காணாமல் போகிறது. இடையில் அவன் கை இரும்பாகிவிடவில்லையே.

லிட்டில் லீக் 2007லேயே பந்து எண்ணிக்கைக்கு வரம்பு கொண்டுவந்தது. உலகக் கோப்பையான வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்கில், கோடிக் கணக்கில் சம்பளம் வாங்கும் வளர்ந்த ஆட்களுக்கே முதல் சுற்றில் ஓர் ஆட்டத்துக்கு 65 பந்துதான். ஜப்பானில் ஹைஸ்கூல் பேஸ்பாலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சகிப்பையும் உழைப்பையும் அதைவிட உயர்வாக வைக்கும் விளையாட்டுக் களம் வேறு கிடையாது. 1998இல் கோஷியன் மைதானத்தில் மட்சுசாகா டைசுகே ஒரே நாளில் 17 இன்னிங்ஸ், 250 பந்து வீசியதை அந்த நாடே கொண்டாடியது. அந்த ஜப்பானே 2020இல் ஒரு பிட்சருக்கு வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் கூடாது என்று விதி வைத்தது. 500 என்பது எனக்கு அதிகமாகத்தான் படுகிறது. ஆனாலும் அங்கே ஒரு கோடு இருக்கிறது. லிட்டில் லீக்கில் உண்டு, ஹைஸ்கூலில் உண்டு, நாட்டு அணிகளுக்கு உண்டு. தொழில்முறை அணிகளோ போட்ட முதலைக் காப்பாற்றத் தாங்களே கணக்கு வைத்துக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் காலேஜ் பையனுக்குத்தான் ஒன்றும் இல்லை.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கவும் தேவையில்லை. மேஜர் லீக்கும் யூஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில் 19 முதல் 22 வயது வரை என்று தனியாகவே ஒரு வரிசை இருக்கிறது. உங்கள் மாணவர்களின் வயது அது. நாளுக்கு அதிகபட்சம் 120 பந்து. 30க்கு மேல் வீசினால் ஒரு நாள் ஓய்வு, 45க்கு மேல் இரண்டு நாள், 60க்கு மேல் மூன்று, 80க்கு மேல் நாலு, 105க்கு மேல் ஐந்து நாள். இதை எடுத்துத் தொடரின் விதிப் புத்தகத்தில் ஒட்டினால் போதும். 120 என்ற எண்ணில் கொஞ்சம் நெகிழ்வு வேண்டுமென்றால் கொடுங்கள். அப்போது எதிரே நிற்கும் பேட்டருக்கு வீசி முடிக்கவிடுங்கள், நோ-ஹிட்டர் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் முடிக்கவிடுங்கள். என் பிடிவாதம் ஓய்வு நாட்களில்தான். அதில் நெகிழ்வு கூடாது.

இந்த விதி வந்தால் பெரிய ஆட்டங்கள் இல்லாமல் போய்விடும் என்ற பயம் உங்களில் சிலருக்கு இருக்கும். 2025 ஜூனில் ஆர்கன்சாவின் கேஜ் வுட், மரே ஸ்டேட்டுக்கு எதிராக 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு நோ-ஹிட்டர் வீசினார். ஒமாஹாவில் 1960க்குப் பிறகு முதல் நோ-ஹிட்டர். எட்டாவது இன்னிங்ஸில் ஒரு பேட்டர் மேல் பந்து படாமல் இருந்திருந்தால், ஒரு பேட்டரும் பேஸ் ஏறாத பெர்ஃபெக்ட் கேம். அவர் வீசியது 119 பந்து. அந்தத் தொடரில் ஒமாஹா மேட்டில் அவர் ஸ்டார்ட்டராக ஏறியது அன்றுதான். என் விதியின் கீழும் அந்த ஆட்டம் அப்படியே நடந்திருக்கும்.

எல்லா ஆட்டமும் தப்பியிருக்காது. அதையும் சொல்லிவிட வேண்டும். 2023இல் எல்எஸ்யூ எனப்படும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பால் ஸ்கீன்ஸ் சனிக்கிழமை டென்னசிக்கு எதிராக ஏறத்தாழ 120 பந்து வீசினார். அடுத்த வியாழக்கிழமை வேக் ஃபாரஸ்டுக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ், மறுபடி ஏறத்தாழ 120 பந்து, இரண்டே ஹிட். பதினோராவது இன்னிங்ஸில் டாமி ஒயிட்டின் ஹோம் ரன்னால் எல்எஸ்யூ 2-0 என்று ஜெயித்தது. காலேஜ் பேஸ்பாலின் ஆகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. நடுவில் நாலு நாள் ஓய்வு. என் விதிப்படி ஐந்து வேண்டும். அதாவது அந்த வியாழக்கிழமை ஸ்கீன்ஸ் வீசியிருக்க முடியாது. இதை இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பற்றாக்குறை ஒரே ஒரு நாள்தான்! அந்த ஆட்டம் வெள்ளிக்கிழமை நடந்திருந்தால் விதியும் நின்றிருக்கும், ஆட்டமும் நடந்திருக்கும். பையனிடமிருந்து ஒரு நாளைப் பிடுங்குவதற்குப் பதில் அட்டவணையில் ஒரு நாளைக் கூட்டுங்கள் என்பதுதான் நான் கேட்பது. அதே எல்எஸ்யூ, கோப்பையை முடிவு செய்யும் ஆட்டத்தில் ஸ்கீன்ஸை இறக்காமலேயே ஃபுளோரிடாவை 18-4 என்று தோற்கடித்ததையும் நினைவில் வையுங்கள்.

ஸ்கீன்ஸ் அடுத்த ஆண்டே மேஜர் லீக்கில் சிறந்த புதுமுகம் ஆனார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். உண்மைதான், அவர் நல்லபடியாக இருக்கட்டும். ஆனால் பிழைத்தவர் பெயர்தான் நமக்குத் தெரியும். பிழைக்காதவர்கள் இரண்டாம் ஆண்டில் அமைதியாக அணியிலிருந்து விலகி, படிப்பை முடித்து, வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைப் பற்றி எந்தச் சேனலும் பேசாது.

எதிர்ப்புகளில் நான் மதிக்கும் ஒன்று உண்டு. இந்த விதி பணக்கார அணிகளுக்குச் சாதகம் என்பது. பெரிய பல்கலைக்கழகத்தில் பத்துப் பன்னிரண்டு நல்ல பிட்சர்கள் இருப்பார்கள். மரே ஸ்டேட் மாதிரி சின்ன இடத்தில் நம்பிக்கைக்குரியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அந்த இருவரையும் உட்கார வைத்தால் ஃபிரெஸ்னோ ஸ்டேட் கதை மறுபடி நடக்குமா? இதைத் தள்ளிவிட முடியாது, எனக்கும் அந்தக் கதைகள்தான் பிடிக்கும். ஆனால் இரண்டு விஷயம். பெரிய அணியின் ஃப்ரைடே ஸ்டார்ட்டர் மூன்றாம் நாள் திரும்பி வந்து சின்ன அணியை முடித்துவைப்பதையும் இதே விதி தடுக்கும். அப்புறம், சின்ன அணியை உண்மையில் நசுக்குவது ஞாயிற்றுக்கிழமையின் இரட்டை ஆட்டம். ஆள் குறைவான அணிக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்துவிட்டு, அதன் பிட்சரின் முழங்கையால் அந்தப் பற்றாக்குறையை நிரப்பிக்கொள்ளச் சொல்வது அதற்குச் செய்யும் உதவி ஆகாது. ரீஜனலை வியாழக்கிழமை தொடங்குங்கள், அல்லது செவ்வாய் வரை நீட்டுங்கள். ஒரு நாளில் ஓர் அணிக்கு ஓர் ஆட்டம்தான் என்று வையுங்கள். சின்ன அணிகள் அதற்குத்தான் முதலில் நன்றி சொல்லும்.

அட்டவணையை மாற்றுவது பெரிய வேலை என்று தெரியும். டிவி நேரம், ஹோட்டல், விமானம், மழை, எல்லாம் இருக்கிறது. ஆனால் இந்தத் தொடரின் வடிவம் கல்வெட்டு இல்லை. 1988இல் இறுதிப் போட்டியை ஒரே ஆட்டமாக்கினீர்கள்; 2003இல் மூன்றில் இரண்டு என்று மாற்றினீர்கள். 1999இல் 48 அணிகளை 64 ஆக்கி, சூப்பர் ரீஜனல் என்ற சுற்றையே புதிதாகக் கொண்டுவந்தீர்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான எஸ்இசி 2025இல் தன் போட்டியை ஒரு தோல்வியோடு வெளியே என்ற முறைக்கு மாற்றிக்கொண்டது. 2020இல் பெருந்தொற்றுக்காகத் தொடரையே ரத்து செய்தீர்கள். 2021இல் நார்த் கரோலினா ஸ்டேட் அணி பதின்மூன்று பேரோடு ஆடிய ஆட்டத்துக்கு மறுநாள், உடல்நலத்தைக் காரணம் காட்டி அந்த அணியின் தொடரை நடு இரவில் முடித்துவைத்தீர்கள். அந்த முடிவு சரியா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். அது இங்கே வேண்டாம். மாணவரின் உடல்நலம் என்று வரும்போது ஒரே இரவில் முடிவெடுக்கும் அதிகாரமும் துணிவும் உங்களுக்கு உண்டு என்பதை அன்று காட்டினீர்கள். முழங்கையும் உடல்நலம்தான்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல ஆண்டுகளாக ஓர் அணிக்கு 11.7 ஸ்காலர்ஷிப் என்ற வரம்பு இருந்தது. அதை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பையன்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த 129 பந்துகளும் 169 பந்துகளும் வீசப்பட்டது அந்தக் காலத்தில்தான். இப்போது ஒரு வழக்கில் எட்டிய சமரசத்துக்குப் பிறகு வரம்பு மாறி, 34 பேர் கொண்ட அணியில் 34 பேருக்கும் ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம் என்று வந்திருக்கிறது. நல்ல மாற்றம். அதோடு இன்னொன்றும் தெரிந்துவிடுகிறது: 34 பேர் இருக்கும் அணியில் வீச ஆள் இல்லை என்ற காரணம் இனி செல்லாது.

அதனால் வரும் தொடருக்கு முன்பே இரண்டு காரியம் செய்ய முடியும். ஒன்று, ஒவ்வொரு ஆட்டத்தின் அதிகாரப்பூர்வ ஸ்கோர் அட்டையிலும் பிட்சர் பெயருக்கு எதிரே இன்று வீசிய பந்து, கடந்த ஏழு நாளில் வீசிய பந்து, கடைசியாக வீசியதிலிருந்து எத்தனை நாள் என்ற மூன்று எண்களையும் அச்சிடுங்கள். இதற்கு எந்த விதி மாற்றமும் தேவையில்லை. எங்கள் மைதானத்தில் அம்மாக்கள் கைக் கருவியில் செய்வதை உங்களால் செய்ய முடியாதா என்ன? டிவியில் பேசுபவர்களும் வேகத்தைக் காட்டும் அதே மூலையில் அந்த எண்களைக் காட்டட்டும். இரண்டு, ரீஜனல் சுற்றிலாவது ஓய்வு நாள் விதியை இந்த ஆண்டே சோதனையாகக் கொண்டுவாருங்கள். கைக்கு அதிக நெருக்கடி அங்கேதான். சூப்பர் ரீஜனலையும் ஒமாஹாவையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். சனி, ஞாயிறு, திங்கள் என்று அடுத்தடுத்து வரும் இறுதிப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்துக்கும் மூன்றாம் ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு நாள் விடுவது பற்றியும் அப்போது பேசலாம். ஆயிரம் மைல் வந்த ரசிகர்கள் ஒமாஹாவில் இன்னொரு நாள் தங்கக் கசந்துகொள்ள மாட்டார்கள்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்ப்பீர்களா, மாட்டீர்களா என்று பகிரங்கமாகச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டோம் என்றால் காரணத்தையும் சொல்லுங்கள். அதற்குப் பதில் எழுத நான் தயார்.

மரியாதையுடன்,
ஒமாஹாவில் வசிக்கும் ஒரு பிட்சரின் அப்பா